ஓடைக்கும் ஒரு நேரம் உண்டு

"பதறாத காரியம் சிதறாது" என்பது பழமொழி. பட்டணத்தில் இருப்பவர்கள் இதைப் பல நாள் மறந்துவிடுகிறார்கள். மறந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு பஸ் தவறும். அவ்வளவுதான்.

ஆனால், இமயமலையில் ஒரு சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் இந்தப் பழமொழியை மறந்தவர், தம் உயிருக்கே ஆபத்தைத் தேடிக் கொள்கிறார்.

அதுதான் சந்திரதால் ஏரிக்குப் போகும் சாலை.

இமாசலப் பிரதேச மாநிலத்தில், லாஹூல்-ஸ்பிதி மாவட்டத்தில் இருக்கிறது இந்த ஏரி. "தால்" என்றால் ஏரி. பிறைச் சந்திரன் போல் வளைந்து கிடப்பதால் இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,250 மீட்டர் உயரம். அடிக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 14 ஆயிரம் அடி. மரம் முளைக்காத உயரம் அது.

நீல நிறத் தண்ணீர். சுற்றிலும் மொட்டை மலை. மலை உச்சியில் பனி. காற்று அடங்கிய நேரத்தில் பார்த்தால், மலை முழுவதும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். தருமர் இங்கிருந்துதான் இந்திரனுடைய தேரில் ஏறிச் சொர்க்கம் போனார் என்று அந்த மலைநாட்டு மக்கள் கதை சொல்லுவார்கள்.

ஆண்டில் சில மாதங்கள்தான் அங்கே போக முடியும். கோடை பிறந்த பிறகு பனியை வெட்டி வழி திறப்பார்கள். அக்டோபர் மாதத்தில் மீண்டும் பனி மூடத் தொடங்கும். அந்தச் சில மாதங்களில்தான் எல்லோரும் போயாக வேண்டும். அவசரம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

தார் இல்லாத சாலை

மணாலி என்ற ஊரில் இருந்து வண்டிகள் புறப்படுகின்றன. முன்பெல்லாம் ரோத்தாங் கணவாயின் மேல் ஏறி இறங்க வேண்டும். அது 3,978 மீட்டர் உயரம். பனி, சேறு, வண்டி நெரிசல் என்று பாதி நாள் அங்கேயே போய்விடும்.

2020-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி, அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து போட்ட பாதை. நீளம் 9 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். இப்போது மலையின் மேல் ஏற வேண்டியது இல்லை. மலையின் வயிற்றுக்குள் புகுந்து, சில நிமிடங்களில் மறுபக்கம் வந்துவிடலாம்.

மறுபக்கம் சந்திரா ஆறு ஓடுகிறது. ஆற்றை ஒட்டி வலது பக்கம் திரும்பினால், கோக்சர் என்ற ஊர். அதைத் தாண்டிக் கிராம்பூ. அதுவரை நல்ல சாலை. கிராம்பூவில் இருந்துதான் உண்மையான பயணம் தொடங்குகிறது.

கிராம்பூவில் இருந்து பாத்தல் என்ற இடம் சுமார் 50 கிலோ மீட்டர் தொலைவு. சமவெளியில் இது ஒரு மணி நேரப் பயணம். இங்கே நாலு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியப்படுவதற்கு இல்லை. பெரும் பகுதியில் தார் கிடையாது. மண்ணும், கூழாங்கல்லும், பாறையும்தான் சாலை. ஒரு பக்கம் மலைச் சுவர். மறு பக்கம் பள்ளத்தில் ஆறு. பல இடங்களில் ஒரு வண்டி போகும் அகலம்தான் உண்டு.

நடுவில் ஓர் இடத்துக்குப் பெயர், சத்ரு. தமிழ்க் காதுக்கு "எதிரி" என்று கேட்கும். பயப்பட வேண்டாம். பசியோடு வருகிறவர்களுக்குச் சோறும், பருப்பும், சூடான தேநீரும் தரும் இடம் அது. கோடைக் காலத்தில் மட்டும் அங்கே சாப்பாட்டுக் கடைகள் இருக்கும். பனி வந்தால் கடைக்காரர்களும் இறங்கிப் போய்விடுவார்கள்.

பாத்தலில் ஒரு பாலம். பாலத்தைத் தாண்டினால் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று, குன்சும் கணவாய் மேல் ஏறி ஸ்பிதிக்குப் போகும். மற்றொன்று, சந்திரதால் ஏரிக்குப் போகும். பாத்தலில் இருந்து ஏரிக்கு 14 கிலோ மீட்டர். இதுவரை வந்த சாலையே மேல் என்று சொல்ல வைக்கும் 14 கிலோ மீட்டர் அது.

தண்ணீரின் கடிகாரம்

இந்தச் சாலையில் பள்ளமோ, பாறையோ பெரிய ஆபத்து இல்லை. ஓடைதான் ஆபத்து.

மலையில் இருந்து இறங்கும் ஓடைகள் சாலையைக் குறுக்கே வெட்டிக் கொண்டு ஓடுகின்றன. அங்கே உள்ளவர்கள் அதை "நாலா" என்பார்கள். பல ஓடைகளுக்குப் பாலம் இல்லை. வண்டி தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும்.

இந்த ஓடைகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேலே இருக்கும் பனியில் இருந்து வருகிறது. இதில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது.

இரவில் கடுங்குளிர். பனி உருகுவது குறைந்துவிடும். ஆகவே, விடியற்காலையில் ஓடை அடங்கி ஓடும். வெயில் ஏற ஏறப் பனி உருகும். உருகிய தண்ணீர் மலை உச்சியில் இருந்து சாலைக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே, பிற்பகலில் ஓடை பொங்கும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர், மாலையில் முழங்காலைத் தாண்டலாம். கூடவே கல்லையும் உருட்டிக் கொண்டு வரும்.

மழை பெய்யாத நாளிலும் இது நடக்கும். வெயில் நன்றாக அடித்த நாளில்தான் அதிகமாக நடக்கும். "வானம் தெளிவாக இருக்கிறதே, பயம் என்ன?" என்று புதிதாக வந்தவர் நினைக்கிறார். தெளிந்த வானம்தான் ஓடையைப் பெருக்குகிறது என்பது அவருக்குத் தெரியாது.

ஓடும் தண்ணீருக்கு இருக்கும் பலத்தையும் பலர் அறிவதில்லை. இரண்டடி ஆழம் உள்ள வேகமான தண்ணீர், பெரும்பாலான கார்களைத் தள்ளிக் கொண்டு போய்விடும். கார் கனமானதுதான். ஆனால், தண்ணீரில் அது மிதக்கப் பார்க்கும். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டால், பிறகு என்ஜின் எவ்வளவு பெரியதாக இருந்து என்ன பயன்?

அதனால்தான், இந்த வழியில் பழகிய டிரைவர்கள் இருட்டிலேயே எழுந்து வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். "இன்னும் கொஞ்சம் தூங்கலாமே" என்று வண்டியில் வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். டிரைவர் கேட்க மாட்டார். அவர் மணாலியின் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஓடையின் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

டிரைவர் சொல்லும் பாடம்

அப்படிப் பழகிய டிரைவர் ஓர் ஓடையைக் கடப்பதைக் கவனித்தால், பல பாடங்கள் கிடைக்கும்.

அவர் ஓடையைக் கண்டதும் இறங்கிவிட மாட்டார். கரையில் வண்டியை நிறுத்துவார். கீழே இறங்கிப் பார்ப்பார். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது அவருக்குப் பழமொழி அல்ல, பிழைப்பு. தண்ணீர் எங்கே அகலமாகப் பரந்து ஓடுகிறது என்று பார்ப்பார். அகலமாக ஓடும் இடத்தில் ஆழம் குறைவு. குறுகி, அமைதியாகத் தெரியும் இடத்தில் ஆழம் அதிகம். முன்னால் ஒரு வண்டி போனால், அது எந்தத் தடத்தில் ஏறுகிறது என்பதைக் கவனிப்பார். அந்த வண்டி முழுவதும் கரையேறிய பிறகுதான் தம் வண்டியை இறக்குவார்.

இறக்கும்போது முதல் கியர். நடுவில் கியர் மாற்ற மாட்டார். நிறுத்தவும் மாட்டார். வேகமும் எடுக்க மாட்டார். ஒரே சீராகப் போய்க் கரையேறுவார். வேகமாகப் பாய்ந்தால் தண்ணீர் எழும்பி, என்ஜினுக்குள் புகுந்துவிடும். நடுவில் நின்றால் புகைக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறும். கரை ஏறியதும் பிரேக்கை மெல்ல அழுத்தி அழுத்திப் பார்ப்பார். நனைந்த பிரேக் உடனே பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும்.

எதிரே வண்டி வந்தால், மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவார். ஏறுகிற வண்டியை நடுவில் நிறுத்தினால், மறுபடி கிளப்புவது கஷ்டம். இறங்குகிற வண்டிதான் ஒதுங்க வேண்டும். இது மலைச் சாலை விதி. பின்னால் போக வேண்டுமானாலும் கோபப்படாமல் போவார். அங்கே முறைத்துக் கொண்டு நின்றால், இருவருக்கும் வழி இல்லை.

இறக்கத்தில் பிரேக்கையே நம்பி இறங்க மாட்டார். எந்தக் கியரில் ஏற வேண்டுமோ, அந்தக் கியரில்தான் இறங்குவார். என்ஜினே வண்டியைப் பிடித்துக் கொள்ளும். பிரேக்கை ஓயாமல் மிதித்தால், அது சூடேறிக் கைவிட்டுவிடும்.

பெட்ரோலை மணாலியிலேயே நிரப்பிக் கொள்வார். ஸ்டெப்னியும் ஜாக்கியும் சரியாக இருக்கின்றனவா என்று முதல் நாளே பார்த்துவிடுவார். கூரான கல் டயரைக் கிழித்தால் உதவிக்கு ஓடி வர அங்கே பட்டறை இல்லை. செல்பேசியும் பல இடங்களில் வேலை செய்யாது.

இவை எல்லாம் படிப்பில் வந்த வித்தை அல்ல. பொறுமையில் வந்த வித்தை.

மூச்சு வாங்கும் உயரம்

அவசரத்தால் வரும் இன்னொரு கேடு உண்டு. அது வண்டிக்கு வருவது அல்ல. உடம்புக்கு வருவது.

ஏரியின் உயரத்தில் காற்று மெலிந்துவிடுகிறது. ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். அங்கே தண்ணீர் கூட 100 டிகிரியில் கொதிப்பதில்லை. சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பு வேக நெடு நேரம் ஆகும்.

மனித உடம்பு இந்த மெல்லிய காற்றுக்குப் பழகிக் கொள்ளும். ஆனால், அதற்குச் சில நாள் வேண்டும். மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். காலையில் அங்கிருந்து புறப்பட்டு, மாலையில் 4,250 மீட்டரில் போய்ப் படுத்தால் உடம்பு என்ன செய்யும்? முதலில் தலைவலி. பிறகு வாந்தி, மயக்கம், தூக்கமின்மை. சிலருக்கு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாக முடியும்.

3,000 மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு சுமார் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்களின் யோசனை. தலைவலி வந்தால் மேலே ஏறக் கூடாது. நோய் முற்றினால் உடனே கீழே இறங்க வேண்டும். கீழே இறங்குவதுதான் அதற்குப் பெரிய மருந்து.

பலசாலிக்கு வராது, கிழவருக்குத்தான் வரும் என்று நினைப்பதும் தவறு. நல்ல வாலிபனுக்கும் வரும். ஏனென்றால், அவன்தான் வேகமாக ஏறுகிறான்.

சுரங்கப் பாதை வந்த பிறகு இந்த ஆபத்து கூடியிருக்கிறது. சாலை வேகமாகிவிட்டது. உடம்பு வேகமாகவில்லை. சிம்லா, கின்னௌர், காசா வழியாகச் சுற்றி வருகிறவர்களுக்குப் பல நாள் ஆகும். சிம்லாவில் இருந்து காசாவுக்கே 400 கிலோ மீட்டருக்கு மேல். ஆனால், அவர்கள் படிப்படியாக ஏறுகிறார்கள். உடம்பும் அவர்களோடு கூடவே ஏறுகிறது.

2023 ஜூலை

இவ்வளவும் வெறும் எச்சரிக்கை அல்ல. நடந்த சம்பவம் ஒன்று இருக்கிறது.

2023-ம் ஆண்டு ஜூலை மாதம், இமாசலப் பிரதேசத்தில் பேய் மழை கொட்டியது. ஆறுகள் கரை புரண்டன. பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. கீழே மழை பெய்தபோது, மேலே சந்திரதால் பக்கம் பனி கொட்டியது. ஜூலை மாதத்தில் பனி! சாலை மூடிக் கொண்டது. ஏரிக்கு அருகே கூடாரங்களில் தங்கியிருந்த ஏறத்தாழ 300 பேர் சிக்கிக் கொண்டார்கள்.

உடல் நலம் குன்றிய சிலரை முதலில் ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பினார்கள். மற்றவர்களுக்குச் சாலைதான் வழி. மீட்புக் குழுவினர் காசா பக்கத்தில் இருந்து கிளம்பினார்கள். குன்சும் கணவாயில் கிடந்த பனியை இயந்திரங்களால் அகற்றிக் கொண்டே வந்தார்கள். மாநில அமைச்சர் ஒருவரே அந்தக் குழுவோடு வந்தார். ஜூலை 13-ந் தேதி எல்லோரும் மீட்கப்பட்டார்கள்.

எல்லோரும் பிழைத்தார்கள் என்பது பெரும் ஆறுதல். ஆனால், அந்த நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கூடாரத்துக்கு வெளியே பனி. வீட்டுக்குப் பேச வழியில்லை. ஊரில் இருக்கும் தாய் தந்தையர் செய்தியைக் கேட்டுத் துடித்திருப்பார்கள். சிக்கியவர்களை மீட்கப் போனவர்களுக்கும் பெண்டு பிள்ளைகள் உண்டு. அவர்களும் உயிரைப் பணயம் வைத்துத்தான் பனிக்குள் இறங்கினார்கள்.

இயற்கை செய்ததற்கு மனிதன் என்ன செய்வான் என்று கேட்கலாம். பனியை நிறுத்த முடியாதுதான். ஆனால், வானிலை எச்சரிக்கை வந்தால் புறப்படாமல் இருக்க முடியும். "லீவு முடிந்துவிடும், பணம் கட்டிவிட்டோம்" என்று டிரைவரை வற்புறுத்தாமல் இருக்க முடியும். கட்டிய பணம் போனால் அடுத்த ஆண்டு சம்பாதிக்கலாம்.

யாருக்காகச் சாலை?

"இவ்வளவு ஆபத்து ஏன்? முழுவதும் நல்ல தார்ச் சாலை போட்டுவிட்டால் தீர்ந்தது" என்று சிலர் சொல்லுகிறார்கள். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

குன்சும் கணவாய்க்கு அப்பால் ஸ்பிதி இருக்கிறது. லோசர் முதலான கிராமங்கள் இருக்கின்றன. அங்கே மக்கள் வாழ்கிறார்கள். பச்சைப் பட்டாணி பயிரிடுகிறார்கள். அறுவடை ஆனதும் பட்டாணி வாடாமல் சந்தைக்குப் போக வேண்டும். நோயாளி ஒருவரை மணாலிப் பக்கம் கொண்டு போக வேண்டுமானால், கோடையில் இதுதான் குறுக்கு வழி. அவர்களுக்கு இந்தச் சாலை உல்லாசம் அல்ல, உயிர் நாடி.

ஆகவே, கிராம்பூவில் இருந்து காசா வரை நல்ல சாலை வேண்டும். ஓடைகளுக்குப் பாலம் வேண்டும். இதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. 1960-ம் ஆண்டு தொடங்கப்பட்ட எல்லைச் சாலை அமைப்பு, இந்தச் சாலையைப் பராமரித்து வருகிறது. அது லேசான வேலை அல்ல. ஆண்டில் சில மாதங்கள்தான் வேலை செய்ய முடியும். பகலில் கல் இடுக்கில் புகுந்த தண்ணீர் இரவில் உறைந்து விரிகிறது. போட்ட சாலையைப் பிளக்கிறது. பனிச்சரிவும் ஓடையும் கட்டிய சுவரை அடித்துக் கொண்டு போகின்றன. ஜார்க்கண்ட் போன்ற தொலை தூர மாநிலங்களில் இருந்து வந்த தொழிலாளர்கள், அந்தக் குளிரில் கல் சுமந்து சாலையைக் காக்கிறார்கள். ஏரியின் அழகை வியக்கிறவர்கள், வழியில் மண் அள்ளும் அந்தக் கைகளையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

ஆனால், பாத்தலைத் தாண்டி ஏரிக்குப் பிரியும் சாலை வேறு. அதன் முடிவில் ஊர் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. ஒரு ஏரி மட்டுமே இருக்கிறது. அதையும் அகலமாக்கித் தார் போட்டு, பஸ்களை வரிசையாக அனுப்பினால் என்ன ஆகும்? ஏரி தாங்காது.

சந்திரதால் பெரிய ஏரி அல்ல. அதன் பரப்பு 49 ஹெக்டேர். ஏறத்தாழ 120 ஏக்கர். சுற்றளவு சுமார் இரண்டரை கிலோ மீட்டர். 2005-ம் ஆண்டு நவம்பரில், ராம்சார் உடன்படிக்கையின் கீழ், உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலையாக இது அறிவிக்கப்பட்டது. கோடையில் செம்பழுப்பு நிறக் காட்டு வாத்துகள் இங்கே வருகின்றன. காடி இனத்து ஆட்டிடையர்கள், நெடுந்தூரம் நடந்து தங்கள் மந்தையை இந்தப் புல்வெளிக்கு ஓட்டி வருகிறார்கள்.

அந்தக் குளிரில் குப்பை மக்குவதில்லை. சமவெளியில் சில வாரத்தில் மண்ணாகும் பொருள், அங்கே பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். ஒரு வண்டிச் சக்கரம் நசுக்கிய புல் மீண்டும் முளைக்கக் குறுகிய கோடை போதாது.

இதை உணர்ந்துதான், ஏரிக் கரையில் கூடாரம் போடுவதைத் தடுத்திருக்கிறார்கள். கூடாரங்கள் சில கிலோ மீட்டர் தள்ளி இருக்கின்றன. வண்டியையும் கரை வரை கொண்டு போக முடியாது. ஏரிக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிட்டு, நடந்துதான் போக வேண்டும். ஏரியில் குளிக்கவும் கூடாது. அந்தத் தண்ணீரின் குளிர், நன்றாக நீந்துகிறவனையும் மரத்துப் போகச் செய்துவிடும்.

இந்தக் கட்டுப்பாடுகள் நல்லவை. இன்னும் ஒன்று சேர வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு வைக்க வேண்டும். பிற்பகலில் ஓடை பொங்கும் நேரத்துக்குப் பின் வண்டியை மேலே விடக் கூடாது. பாத்தலிலேயே அதை நிறுத்திச் சொல்ல ஆள் வேண்டும். வானிலை கெட்டால் வழியை மூட அவருக்கு அதிகாரம் வேண்டும். இதற்குக் கோடிக் கணக்கில் பணம் தேவை இல்லை. ஒரு குடிசையும், ஒரு கம்பித் தடுப்பும், பொறுப்பான நாலு பேரும் போதும்.

திரும்பவும் தைரியம் வேண்டும்

சட்டம் செய்ய வேண்டியது ஒரு பக்கம். போகிறவர்கள் செய்ய வேண்டியது மறு பக்கம்.

குடும்பத்தோடு போகிறவர்கள் ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டம் போடக் கூடாது. வழியில் ஓர் இரவாவது தங்கி, உடம்பைப் பழக்க வேண்டும். கைக்குழந்தையோ, இருதய நோயாளியோ, கர்ப்பிணியோ உடன் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. கம்பளி உடையும், இரண்டு நாள் உணவும் கூடுதலாக எடுத்துக் கொள்ள வேண்டும். கொண்டு போன குப்பையைத் திரும்பக் கொண்டு வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டிரைவர் "இன்று வேண்டாம்" என்றால், அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். கூலி வாங்குகிறவர்தானே என்று அவரை விரட்டக் கூடாது. அந்த ஒரு நாளில், அவருடைய வார்த்தைதான் குடும்பத்தின் கேடயம்.

ஏரிக்குப் போகத் தைரியம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஏரிக்கு மூன்று மைல் இருக்கும்போது, பொங்கும் ஓடையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும். பின்னால் குழந்தைகள் அழுவார்கள். நண்பர்கள் கேலி செய்வார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று மனமே இழுக்கும். அந்த இழுப்பை வென்றவர்தான் வீரர்.

ஓடை யாருக்கும் பகை அல்ல. அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. மாலையில் வழி மறித்த அதே ஓடை, மறு நாள் காலையில் கணுக்கால் அளவு சுருங்கி, வழி விட்டு நிற்கும். ஓர் இரவு காத்திருந்தால் போதும்.

சந்திரதால் அங்கேயேதான் இருக்கிறது. காத்திருந்தவருக்கு அது கிடைக்கும்.